சைலன்சருக்கு எத்தனை டெசிபெல்? மாத்தளைச் சாலைகளும் எண் சொல்லாத சட்டமும்

காரின் சைலன்சரை மாற்றினால் எவ்வளவு சத்தம் வரை சட்டம் பொறுக்கும்? மாத்தளையில் எந்தக் கராஜில் கேட்டாலும் இதற்கு எண்ணாகப் பதில் வராது. பொலிஸ் பிடிக்காத அளவுக்கு என்பார்கள். கேலியாகத் தோன்றினாலும் இன்றைய நடைமுறையை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. சத்தத்தை எண்ணால் கட்டுப்படுத்தத் தெரியாத நாடு இது என்று நினைத்துவிட வேண்டாம். அந்த எண்கள் வர்த்தமானியில் ஏறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஓடும் காரை அவை எட்டிப் பிடிப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 1996 மே 23ஆம் திகதிய 924/12ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் சத்தக் கட்டுப்பாட்டு விதிகள் வெளியாயின. பிரதேச சபைப் பகுதிகள் குறைந்த சத்தப் பகுதிகள். அங்கே பகலில் 55 டெசிபெல், இரவில் 45. மாநகர சபை, நகர சபைப் பகுதிகளில் பகல் 63, இரவு 50. கைத்தொழில் வலயங்களில் 70, 60. பகல் என்பது காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. மாத்தளை மாவட்டத்தில் பொருத்திப் பார்த்தால் மாத்தளை நகரும் தம்புள்ளையும் இரண்டாம் வகையில் வரும். இரத்தோட்டை, உக்குவளை, நாவுல, கலேவெல, லக்கல போன்ற பிரதேச சபைப் பகுதிகள் முதல் வகையில் வரும்.

இவற்றுக்கு மேலே அமைதி வலயம் என்று ஒன்றும் உண்டு. நீதிமன்றம், வைத்தியசாலை, பாடசாலை, பொது நூலகம், புனித இடங்கள், சுற்றாடல் தேவைக்கென ஒதுக்கிய இடங்கள் ஆகியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர் தூரம் வரை பகல் 50, இரவு 45. மாத்தளை நகரின் வரைபடத்தை விரித்து ஏ9 வீதியின் இருமருங்கும் இந்த 100 மீற்றர் வளையங்களைப் போட்டுப் பாருங்கள். முத்துமாரியம்மன் கோயில் பிரதான வீதியிலேயே இருக்கிறது. பாடசாலைகளும் வைத்தியசாலையும் பள்ளிவாசல்களும் விகாரைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் ஊர் இது. வடக்கே கொஞ்சம் போனால் வீதியோரமாகவே அளுவிகாரை. காகிதத்தின்படி நகரின் பெரும்பகுதி அமைதி வலயம். காகிதத்தை மடித்துவிட்டு வீதிக்கு வந்தால் தெரியும் கதை.

இந்த அட்டவணை ஏன் காரைத் தொடுவதில்லை? அளவை எங்கே எடுப்பது என்பதில் இருக்கிறது விடை. சத்தம் எழும் காணியின் எல்லையில் அளக்க வேண்டும் என்பது விதி. மர ஆலைக்கும் அரிசி ஆலைக்கும் ஜெனரேட்டர் வைத்திருக்கும் ஹோட்டலுக்கும் காணி எல்லை உண்டு. பலாபத்வெலயிலிருந்து நாலந்தா வரை ஓடும் காருக்கு எது எல்லை? அதோடு, அளப்பது ஒரு கணத்து உச்சத்தை இல்லை, குறிப்பிட்ட நேரத்துக்கான சராசரியை. இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். இரவு வேளையில் வீட்டு முற்றத்தில் 72 டெசிபெல் கேட்கும்படி ஒரு கார் ஐந்து விநாடி கடந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். வேறு சத்தமே இல்லாத பதினைந்து நிமிடத்தில் அதைச் சராசரியாக்கினால் சுமார் 49 டெசிபெல்தான் வரும். நகரின் இரவு எல்லையான 50க்கு அது உட்பட்டதே. தொட்டில் குழந்தை எழுந்து அழுதிருக்கும், நாய்கள் ஊளையிட்டிருக்கும், அட்டவணைக்கு மட்டும் எதுவும் கேட்டிருக்காது. தொழிற்சாலையின் ஓயாத இரைச்சலுக்காகச் செய்த அளவுகோல் இது. திடீரென்று வந்து மறையும் சத்தத்தை அதனால் பிடிக்க முடியாது.

ஆகவே கார் வந்து சேர்வது மோட்டார் வாகனச் சட்டத்திடம், 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்திடம். அதுவும் அதன் கீழான ஒழுங்குவிதிகளும் எண்ணில் பேசுவதில்லை, சொல்லில் பேசுகின்றன. சைலன்சர் இருக்க வேண்டும், அது சத்தத்தை உருப்படியாகக் குறைக்க வேண்டும். ஹோர்னுக்காக 2011இல் சுற்றாடல் சட்டத்தின் கீழ் தனி விதிகள் வந்தன. ஆனால் பொலிஸ் மறிக்கும்போது சாரதி ஒருவர் எடுத்துக் காட்டக்கூடிய எண் எதுவும் சைலன்சருக்குப் புழக்கத்தில் இல்லை. அளவுகோலாக இருப்பது போக்குவரத்துப் பொலிஸ் உத்தியோகத்தரின் காது. அனுபவமுள்ள காது நன்றாகவே கேட்கும், மறுக்கவில்லை. ஆனால் துருப்பிடித்து ஓட்டை விழுந்த சைலன்சரோடு மரக்கறி ஏற்றிப் போகும் பழைய வானும், இலட்சக்கணக்கில் செலவழித்துக் குழாய் மாற்றிய காரும் அந்தக் காதுக்கு ஒன்றாகவே கேட்கும். வழக்கு என்று வந்தால் முதல் ஆள் தண்டப்பணத்தைக் கட்டிவிட்டுப் போவார். இரண்டாமவர் சட்டத்தரணியோடு வந்து எத்தனை டெசிபெல் என்று கேட்பார்.

2025 ஜனவரியில் இது நாடு முழுவதும் வெளிச்சத்துக்கு வந்தது. அம்மாதம் முதலாம் திகதி தொடங்கிய ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தோடு சேர்த்து, வாகனங்களில் மேலதிகமாகப் பூட்டிய விளக்குகள், ஹோர்ன்கள், மாற்றிய சைலன்சர்கள் ஆகியவற்றைக் கழற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் ஆரம்பித்தனர். தனியார் பஸ், முச்சக்கரவண்டிச் சங்கங்கள் கொதித்தெழுந்தன. எது சட்டவிரோதம் என்று எங்கே எழுதியிருக்கிறது என்பதே அவர்களது கேள்வி. பிறகு அவகாசம் கொடுக்கப்பட்டது. சங்கங்களின் எல்லாக் கோரிக்கைகளும் நியாயமானவை என்று சொல்ல மாட்டேன். ஓட்டோவின் பின்னால் தோரணம் தொங்கவிடுவதற்கு அடிப்படை உரிமை கோருவது கொஞ்சம் அதிகம். ஆனால் சைலன்சர் விடயத்தில் அவர்கள் கேட்ட கேள்வி சரியானது, பதில் கிடைக்காமல் போனதும் உண்மை.

பொதுத் தொல்லை என்ற வழியும் இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 261ஆம் பிரிவு அதற்கு வரைவிலக்கணம் தருகிறது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி நீதவான் அதை நிறுத்தக் கட்டளையிடலாம். 2007 நவம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா, ஒலிபெருக்கி அனுமதி தொடர்பான ஆஷிக் எதிர் பண்டுல வழக்கில் தீர்ப்பளித்தபோது இந்தப் பிரிவுகளையே பிடித்துக்கொண்டு, இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிகளுக்கு அனுமதி வழங்கக்கூடாது என்றார். சத்தம் போடுபவரின் நோக்கம் எதுவானாலும், கேட்க விரும்பாதவரின் அமைதிக்குச் சட்டத்தில் இடம் உண்டு என்பது அதில் உறுதியானது. ஒலிபெருக்கி ஓரிடத்தில் நிற்பதால் இது சாத்தியமாயிற்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் வேறு வேறு இலக்கத் தகட்டோடு வந்து போகும் சத்தத்துக்கு எதிராக யார் பெயரில் கட்டளை எடுப்பது?

சைலன்சருக்குள் இருப்பது பெரிய இரகசியம் இல்லை. அறைகளும் துளைக் குழாய்களுமாக அமைந்த வகையில் ஒலி அலைகள் மோதி ஒன்றையொன்று தின்றுகொள்ளும். கண்ணாடிப் பஞ்சோ இரும்புப் பஞ்சோ அடைத்த வகையில் ஒலி பஞ்சுக்குள் உறிஞ்சப்பட்டு வெப்பமாகும். சந்தையில் விற்கும் மாற்றுக் குழாய்களில் பெரும்பாலானவை இரண்டாம் வகை, நேராக ஊடுருவும் குழாயைச் சுற்றிப் பஞ்சு. புதிதில் கம்பீரமாக முழங்கும். பஞ்சு எரிந்து கொட்டக் கொட்ட ஆண்டுதோறும் சத்தம் ஏறும். வாங்கியபோது சட்டத்துக்குள் இருந்த குழாய் மூன்றாம் ஆண்டில் வெளியே போவது இப்படித்தான். குழாய் பெரிதானால் வலு கூடும் என்பது கராஜ் நம்பிக்கை. பந்தயத்தில், உயர் சுழற்சியில் அதற்கு இடமுண்டு. எல்கடுவ ஏற்றத்தை இரண்டாம் கியரில் ஏறும் ஆயிரம் சிசி காருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சத்தம் மட்டுமே.

மாற்றுபவர்கள் எல்லோரும் சத்தப் பிரியர்கள் என்று நினைத்தால் விடயத்தின் பாதியை விட்டுவிடுவோம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இருந்த வாகனங்களே ஒட்டுப்போட்டு ஓடின. மழையிலும் மலையிலும் அடிபட்ட சைலன்சர் உக்கிவிட்டால், கம்பெனிச் சாமான் வாங்க வழியில்லாதவர் வெல்டிங் கடையில் தகட்டை உருட்டி ஒன்று செய்துகொண்டார். இன்னொரு கூட்டம், பிளாட்டினமும் பலேடியமும் ரோடியமும் இருப்பதால் நல்ல விலை போகும் வினையூக்கிப் பெட்டியைக் கழற்றி விற்றுவிட்டு, அந்த இடத்தில் வெறும் குழாயை வைத்தது. அங்கே சத்தமும் கூடும், நஞ்சும் கூடும். உண்மையில் முழக்கத்துக்காக மாற்றும் இளைஞர்கள் மூன்றாம் கூட்டம். மூவருக்கும் ஒரே தண்டம் என்பது ஊரைத் திருத்தாது.

நம் வீதிகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்தவை என்பதால், அங்கே என்ன செய்தார்கள் என்று பார்ப்பது பொருத்தம். ஜப்பானில் நிறுத்திவைத்த காரின் குழாய் வாயிலிருந்து அரை மீற்றர் தூரத்தில், 45 பாகை கோணத்தில் ஒலிவாங்கியை வைத்து அளப்பார்கள். இயந்திரத்தை அதன் உச்ச வலுச் சுழற்சியின் முக்கால் பங்கு வரை ஏற்றுவார்கள். முன்புற இயந்திரமுள்ள சாதாரணக் காருக்கு எல்லையாக வைத்தது 96 டெசிபெல், பின்புற இயந்திரமானால் 100. குழாயின் வாயில் ஒரு அடைப்பைப் பூட்டிப் பரிசோதனைக்குக் கொண்டுபோய், வெளியே வந்ததும் கழற்றி எறியும் தந்திரம் அங்கும் இருந்தது. அதனால் 2010 ஏப்ரலுக்குப் பின் தயாரான கார்களுக்கு விதி இறுகியது. மாற்றுச் சைலன்சர் முன்கூட்டியே சான்று பெற்றதாக இருக்க வேண்டும். வேகமெடுக்கும் போது 82 டெசிபெலைத் தாண்டக்கூடாது. எளிதில் கழற்றும் அடைப்பை நம்பிச் சான்று வாங்க முடியாது. சான்றின் அடையாளம் குழாயிலேயே பொறித்திருக்கும்.

கொழும்புப் பஞ்சிகாவத்தையில் ஜப்பானியப் பழைய உதிரிப்பாகங்களோடு வந்து இறங்கும் சைலன்சர்களில் இந்தப் பொறிப்பு உள்ளவையும் இருக்கும். மாத்தளைக்காரர் ஒருவர் நல்ல விலை கொடுத்து அதை வாங்கிப் பூட்டியிருக்கலாம். வீதியில் மறிக்கும்போது அந்தப் பொறிப்புக்கு மதிப்பு எதுவும் இல்லை, அதைப் படிக்கச் சொல்லும் விதி நம்மிடம் கிடையாது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தச் சான்று குறிப்பிட்ட கார் மாதிரிக்கும் குறிப்பிட்ட குழாய்க்கும் சேர்த்துக் கொடுப்பது. வேறு காருக்கு வெட்டி ஒட்டினால் அது வெறும் உலோக எழுத்து.

ஐரோப்பாவின் வழியும் ஏறக்குறைய இதுவே. கார்களின் மாற்றுச் சைலன்சர்களுக்கு ஐ.நா.வின் 59ஆம் ஒழுங்குவிதி இருக்கிறது. கம்பெனிக் குழாயை விட அதிகம் சத்தமிடாது என்று நிரூபித்தால்தான் அடையாளம் கிடைக்கும். புதுக் கார்களுக்கு 7.5 மீற்றர் தூரத்தில் அளக்கும் ஓட்ட எல்லையை 2016இல் 72, பிறகு 70, 2024 முதல் புது மாதிரிகளுக்கு 68 எனப் படிப்படியாக இறக்கிவிட்டார்கள். இந்தியாவிலும் எண் உண்டு. காருக்கு 74, 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு 80. 2019 திருத்தத்துக்குப் பின் மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். ஆனாலும் அங்கே பத்திரிகைகளில் வருவது, பறித்த புல்லட் பைக் சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோட் ரோலரை ஏற்றும் படங்கள்தான். அளந்து பார்த்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. எண் சட்டத்தில் இருந்தும் வீதிக்கு இறங்கவில்லை என்றால் நம் நிலைக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை. பிரான்சில் சத்தம் போடும் வாகனத்தைப் படம்பிடிக்கும் ஒலி ராடார்களைப் பரீட்சித்தார்கள். மாத்தளைக்கு அது இப்போதைக்கு வேண்டாத ஆடம்பரம்.

ஜப்பானின் அந்த 96 டெசிபெலையே நாம் எடுத்துக்கொண்டால் தோட்டத்து மக்களுக்கு அது எப்படிக் கேட்கும்? திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க ஆறு டெசிபெல் குறையும். அரை மீற்றரில் 96 என்றால் ஒரு மீற்றரில் 90, எட்டில் 72, பதினாறில் 66, முப்பத்திரண்டில் 60, நூற்று இருபத்தெட்டில் 48. இரத்தோட்டைப் பக்கம் வீதியை ஒட்டிய தோட்ட லயங்களில், பதினாறு மீற்றருக்குள் உறங்கும் குடும்பங்கள் எத்தனையோ. தகரக் கூரையும் மெல்லிய சுவரும் எவ்வளவைத் தடுக்கும்? 2018இல் உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டலில் வீதிப் போக்குவரத்தின் இரவுச் சராசரிச் சத்தம் 45க்குள் இருக்க வேண்டும் என்கிறது. அது சராசரிதான், ஆனால் தூக்கத்தைக் கலைப்பது அந்தக் கணத்துச் சத்தம். அதனால் 96க்குள் அடங்கிய மாற்றுக் குழாயே லயத்துக்குத் தாங்காது. 106 போடும் குழாயானால் ஒவ்வொரு தூரத்திலும் பத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். பத்துக் கூடினால் காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும். எனவே 96ஐ அப்படியே இரவல் வாங்குவதைவிட, அந்தந்தக் காரின் கம்பெனிக் குழாய் தரும் அளவோடு ஒப்பிட்டு, இத்தனை டெசிபெலுக்கு மேல் கூடக்கூடாது என்று சொல்வதே மேல்.

அளப்பது யார், எங்கே? இதற்கான இடம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 2008இலிருந்து நடக்கும் புகைப் பரிசோதனையைத்தான் சொல்கிறேன். கிளீன்கோ, லாஃப்ஸ் எக்கோ ஸ்ரீ ஆகிய இரு நிறுவனங்களின் நிலையங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வாகனம் போயாக வேண்டும், இல்லாவிட்டால் வருமான அனுமதிப்பத்திரம் இல்லை. அங்கே பெற்றோல் கார் சும்மா ஓடும் நிலையிலும், நிமிடத்துக்குச் சுமார் 2500 சுழற்சியிலும் சோதிக்கப்படுகிறது. டீசல் வாகனத்தில் அக்சிலேட்டரை ஒரேயடியாக மிதித்துப் புகையின் அடர்த்தியைப் பார்க்கிறார்கள். கருவி புகைக்குழாய்க்குள் இருக்கிறது, இயந்திரம் முழங்குகிறது, எண்கள் கணினியில் ஏறுகின்றன. அரை மீற்றர் தள்ளி ஓர் ஒலிமானியை நிறுத்தினால் இன்னொரு எண்ணும் அதே சான்றிதழில் ஏறும். நிமிடக் கணக்கில்கூட அதிகம் பிடிக்காது.

இதற்கு ஆட்சேபங்கள் உண்டு. மூடிய கொட்டகைக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அளவைக் கெடுக்கும் என்பது முதலாவது. நியாயம்தான், நிறுத்திவைத்து அளக்கும் முறைகள் எல்லாமே சுற்றிலும் சில மீற்றர் வெட்டவெளியைக் கேட்கின்றன. முற்றத்தில் இடமுள்ள நிலையங்களிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பரிசோதனை நாளில் பழைய சைலன்சரைப் பூட்டிக்கொண்டு வருவார்கள் என்பது இன்னொன்று. வருவார்கள். புகைக்காக இயந்திரத்தை ஒரு நாளுக்கு மட்டும் ‘டியூன்’ செய்துகொண்டு வருகிறவர்கள் இப்போதும் இல்லையா? ஆனால் சான்றிதழில் 84 என்று அச்சான காரை வீதியில் மறித்து அளக்கையில் 98 வந்தால், உத்தியோகத்தரின் காதை யாரும் குறுக்கு விசாரணை செய்யத் தேவையில்லை. இரண்டு எண்களும் போதும். உக்கிய சைலன்சரோடு வருபவருக்கும் இதில் நன்மை இருக்கிறது. இத்தனை நாளுக்குள் திருத்திக்கொண்டு வா என்று சொல்ல ஓர் இடம் கிடைக்கும்.

ரிவர்ஸ்டன் தனிப் பிரச்சினை. மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறி லக்கலப் பக்கம் இறங்கும் அந்த வீதிக்கு வார இறுதிகளில் வெளியூர்களிலிருந்து பைக்குகளும் கார்களும் கூட்டமாக வருகின்றன. வளைவுக்கு வளைவு கியர் குறைத்து முறுக்குவதுதான் பயணத்தின் சுவை என்று வருபவர்கள் அவர்கள். அந்த வீதி ஊடறுக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000இல் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனமானது, 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 1996 விதியின் சொற்படி சுற்றாடல் தேவைக்கென ஒதுக்கிய இடம் அமைதி வலயம் என்றால், அங்குள்ள பிட்டவல பத்தனப் புல்வெளியை விடப் பொருத்தமான இடம் மாவட்டத்தில் எது? இங்கே வருகிறவர்களின் வாகனங்கள் மாத்தளையில் பதிவானவை இல்லை, மாத்தளை நிலையத்தில் பரிசோதிப்பதால் பயனில்லை. இங்கே வேண்டியது மேலே ஏறுமுன் ஒரு தரிப்பிடம். ஞாயிறு காலையில் இரண்டு உத்தியோகத்தர்களும் ஓர் ஒலிமானியும் இருந்தால் நடக்கக்கூடிய காரியம். முழக்கம் வேண்டுமென்பவர்களுக்கு மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் இருக்கிறது. பந்தயத்துக்கு நான் எதிரியில்லை.

கடைசியாக, மறிக்கப்படும் ஒவ்வொரு இளைஞனும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. எனக்குப் பின்னால் வந்த லொறியை ஏன் விட்டீர்கள்? தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிப் போவதும் அங்கிருந்து இறக்கி வருவதுமாக இரவு முழுவதும் ஏ9 வீதியில் லொறிகள் ஓடுகின்றன. இறக்கங்களில் எக்ஸோஸ்ட் பிரேக் போட்டால் வீதியோரத்து யன்னல்கள் அதிரும். லொறிக்குக் காரின் எல்லையை வைக்க முடியாது. ஐரோப்பாவிலேயே காருக்கு 68 என்னும் இடத்தில் 250 கிலோவாட்டுக்கு மேற்பட்ட பெரிய லொறிக்கு 79 தான். ஆனாலும் அதற்கென்று ஓர் எண் இருக்கிறது. லொறிகளும் தனியார் பஸ்களும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்களும் அதே ஒலிமானியின் முன்னால் வந்து நிற்க வேண்டும். முதல் ஆண்டு தண்டம் எதுவும் வேண்டாம், அளந்து சான்றிதழில் அச்சிட்டால் போதும். எல்லையை எங்கே வைப்பது என்று பிறகு கூடிப் பேசுபவர்களின் மேசையில், வேறு நாட்டு அட்டவணைகளோடு மாத்தளை வாகனங்களின் அளவுகளும் இருக்கும்.